தொட்டதும் சொல்லணும்

செருப்பைக் கழற்றாமல் உள்ளே வரவும் என்று கதவில் ஒட்டியிருந்ததை அமலோற்பவம் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை வாசித்தாள். வாசித்து முடிக்கிறதுக்குள் கால் தன் பாட்டுக்குச் செருப்பை உதறிவிட்டு உள்ளே போய்விட்டது. ஐம்பத்தெட்டு வருஷத்துப் பழக்கத்தை ஒரு துண்டுக் காகிதம் என்ன செய்யும். கோவிலா, கழற்று. டாக்டரா, கழற்று. பெரிய வீட்டு வாசலா, யாரும் கேட்காமலே கழற்று. "எம்மா, இங்க கழத்தக் கூடாது. சுகர்காரங்க காலைப் பாக்குற இடத்துல வெறுங்காலோட வந்து நின்னா என்ன நெனப்பாங்க" என்று மகள் ஜெசிந்தா பின்னாலேயே செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெற்றவள் செருப்பை நாலு பேர் முன்னால் மகள் கையில் பார்க்கக் கூச்சமாக இருந்தது, கீழ போடு மக்கா என்று வாங்கி மாட்டிக்கொண்டாள். குனிந்து பார்த்துத்தான் மாட்டினாள். பெருவிரல் வாருக்குள் போயிற்றா, வெளியே நிற்கிறதா என்று இப்போதெல்லாம் கண்தான் சொல்கிறது, கால் சொல்வதில்லை. இதை அவள் ஒருவரிடமும் சொன்னது கிடையாது. புருஷன் தொம்மையிடம்கூட. அவரிடம் சொன்னால், ஒன் கால் என்ன காலா, மாட்டுக் குளம்புல்லா, வா லாடம் அடிச்சிருவோம் என்பார், சொல்லிவிட்டு அவரே சிரிப்பார், சிரிப்பில் பீடிப்புகை இருமலாக வரும்.

டோக்கன் பதினொன்று, உள்ளே ஏழு போயிருக்கிறது. ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து, "உள்ள போனா உள்ளதைச் சொல்லணும், என்ன? பாவசங்கீர்த்தனத்துல பாதர்ட்ட சொல்லுத மாதிரி" என்றாள். "பாதர் ஊசி போட மாட்டாருல்லா" என்றாள் இவள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் சிரிக்கவில்லை. இன்றைக்கு ஜூலை இருபத்தைந்து. ஆகஸ்ட் பதிமூன்று விடியக்காலம் பூசை முடிந்ததும் தூத்துக்குடியிலிருந்து நடை கிளம்பும், எட்டயபுரம் ரோடு வழியாக, பதினைந்தாம் தேதி காமநாயக்கன்பட்டி மாதா கோவில் திருவிழாவுக்குப் போய்ச் சேரும். பத்தொன்பது நாள் இருக்கிறது. இந்த ஒரு வருஷம் நடந்துவிட்டால் ஏழும் முடிந்தது. ஏழு வருஷத்துக்கு முந்தி மகன் இன்னாசி வேலை பார்த்த தோணி, மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப் போனது, எஞ்சின் நின்று போய் ஒன்பது நாள் தகவல் இல்லை. எட்டாவது நாள் பக்கத்து வீட்டுக்காரி வந்து, அழாம இருக்கியே, அழுதிரு என்றாள். அழவில்லை. மாதா சுரூபத்தின் காலைப் பிடித்துக்கொண்டு, ஏழு வருஷம் வெறுங்காலோட நடந்து வாரேன், பிள்ளைய மட்டும் கரையில கொண்டாந்து போடு என்றாள். மறுநாள் போன் வந்தது. ஆறு வருஷம் நடந்தாயிற்று. இன்னாசி இப்போதும் கடலில்தான் இருக்கிறான், போன வாரம் ஏறினான், நடுக்கடலில் இருக்கிற பிள்ளைக்குப் போன் எடுக்காது. ஏழு என்று சொல்லிவிட்டு ஆறோடு நின்றால் என்ன ஆகும் என்கிற இடத்துக்கு வந்ததும் நினைப்பு கல்லில் மாட்டின வலை மாதிரி நின்றுவிடும், இழுத்தால் கிழியும், அதனால் அவள் இழுப்பதில்லை. ஜெசிந்தா முடிவாகச் சொல்லிவிட்டாள். "கால் டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்தா நடை. இல்லன்னா வாசல்ல நான் குறுக்க படுத்துக்கிடுவேன், என்னத் தாண்டிப் போ."

எதிர்ச் சுவரில் பெரிய படம் ஒன்று. ஒரு பாதம், அதற்குள் சிவப்பு நூல் நூலாக நரம்பு, விரல் பக்கம் வர வர நூல் நைந்து, நுனியில் ஒன்றுமே இல்லை. கால் நரம்பு யாருக்குச் சீக்கிரம் கெடும் என்று மேலே தலைப்பு, கீழே புள்ளி வைத்து வைத்து வரிகள். சின்னப் பிள்ளையில் பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தி ஆத்தும சோதனைக்கென்று கன்னியர்மடத்தில் ஒரு சீட்டுத் தருவார்கள், ஒவ்வொரு கட்டளையாக வாசித்து, செய்தேனா செய்யலையா என்று விரலை மடக்கணும். விரல் தானாக மடங்கத் தொடங்கியது. பத்து வருஷத்துக்கு மேல் சர்க்கரை உள்ளவர்கள். ஜெசிந்தா கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்த வருஷம் கண்டுபிடித்தது, பதினாலு. மடக்கு. சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைக்காதவர்கள். டெஸ்ட்டுக்கு முந்தின மூன்று நாள் கஞ்சித் தண்ணியும் வெந்தயமுமாகக் கிடந்துவிட்டு ரத்தம் கொடுக்கப் போவாள், நல்லாருக்கே என்பார்கள், திரும்பி வரும்போதே பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ, மக்ரூன் ரெண்டு. அப்புறம் ஒரு புது டெஸ்ட் வந்தது, மூணு மாசத்துச் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டிக் கொடுக்கிற டெஸ்ட். கடவுளுக்குத் தெரியாமல் ஒளிக்க முடியாது என்று தெரியும், ரத்தத்துக்கும் ஞாபகம் இருக்கும் என்று தெரியாமல் போயிற்று. மடக்கு. ரத்தக் கொதிப்பு, ரத்தத்தில் கொழுப்பு. ரெண்டுக்கும் மாத்திரை உண்டு, யாத்திரை மூன்று நாளும் அதையும் போடுவதில்லை, சர்க்கரை மாத்திரையும் போடுவதில்லை, போட்டால் கிறக்கம் வரும், அடிக்கடி ஒதுங்கச் சொல்லும், பொட்டல் வெளியில் பொம்பிளை எங்கே ஒதுங்குவாள். மடக்கு. புகை பிடிப்பவர்கள். அவள் பிடித்ததில்லை, முப்பத்தாறு வருஷம் பக்கத்தில் படுத்திருக்கிறாள், அது பாதிப் பாவமா, முழுப் பாவமா. விரலைப் பாதி மடக்கினாள். எடை அதிகம் உள்ளவர்கள், கிட்னி பாதிப்பு உள்ளவர்கள் என்று கண் வழுக்கிக்கொண்டே போய் ஒரு வரியில் நின்றது. உயரமானவர்கள். அவள் திரும்ப வாசித்தாள். உயரமானவர்கள், நரம்பின் நீளம் கூடுவதால். இதெல்லாம் ஒரு குற்றமா. பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கொடிமரம் என்று பேர். சப்பரத்துக்கு முன்னால் கொடி பிடிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள், தொம்மை பெண் பார்க்க வந்த அன்றைக்கு, பொண்ணு நல்ல பொண்ணுதான், முத்தம் குடுக்கணும்னா ஏணி வேணும் போலயே என்று கூட வந்த ஒருத்தன் சொல்லி அடி வாங்கப் பார்த்தான். கடவுள் கொடுத்த உயரம். அதுவும் இந்தச் சீட்டில் இருக்கிறது. தான் செய்யாத ஒன்றாவது இதில் இருக்கிறதே என்று சந்தோஷம் வர வேண்டும், வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள், வரவில்லை. காலுக்கு வந்தது மனசுக்கும் ஏறிவிட்டதோ என்னவோ. நீளமான நூல் நுனியிலிருந்து நைந்துகொண்டு வருகிறது, கணுக்கால், முழங்கால் என்று ஏறி வந்தால் எங்கே வந்து நிற்கும்.

உள்ளேயிருந்து எட்டாம் நம்பர் வந்தார், வேட்டியை மடித்துக் கட்டின பெரியவர், வெளியே நின்ற சம்சாரத்திடம், "ஒரு நூலு மாதிரி வச்சு பத்து இடத்துல தொடுதாவ. எனக்கு ஆறு. பாஸு" என்றார். "இதுக்கு ஒரு இனிப்பு வாங்கித் தரட்டா?" என்றாள் அந்த அம்மாள். பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள், அமலோற்பவமும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டாள். பத்துக்கு ஆறு. அப்படியென்றால் இது பரீட்சை. மடியில் இருந்த பையைத் தொட்டுப் பார்த்தாள், ஜெபப் புஸ்தகம் இருக்கிறது, புஸ்தகத்துக்குள் முள் இருக்கிறது. போன வருஷத்து முள். முதல் வருஷமெல்லாம் என்ன வலி வலித்தது, தார் ரோட்டில் உச்சிவெயிலில் கால் வைத்தால் உச்சந்தலை வரை ஏறும், கொப்புளம் உடைந்து, உடைந்த இடத்தில் மணல் ஏறி, ஒவ்வொரு எட்டுக்கும் இது இன்னாசிக்கு, இது இன்னாசிக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். நாலாம் வருஷம் வலி குறைந்தது. ஐந்தில் மத்தமத்தவர்கள் ரோட்டோரத்துப் புல்லைத் தேடித் தேடித் தாவ, இவள் தார் மேலேயே நேராக நடந்தாள். போன வருஷம் வலியே இல்லை. காமநாயக்கன்பட்டி எல்லையில் சிலுவை நட்ட சின்னக் குருசடி, அங்கே பெண்பிள்ளைகள் குடத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு நடந்து வருகிறவர்களின் காலைக் கழுவி விடுவார்கள். ஒரு பெண்பிள்ளை இவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தவள் நின்றாள், திரும்ப அதே இடத்தில் தடவினாள். "எம்மா, இது நோவலையா ஒங்களுக்கு?" "எது மக்கா?" அவள் நகத்தால் பிடித்து இழுத்தாள், சீமைக்கருவேல முள், ஒரு விரல்கடை நீளம், ரத்தம் கறுத்துக் கிடந்தது. எத்தனை மைல் அதை மிதித்துக்கொண்டு வந்தாள் என்று யாருக்குத் தெரியும். அந்தப் பெண்பிள்ளை முள்ளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூட்டம் கூடிவிட்டது. ஜெபம் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்து வருகிற மிக்கேல் அண்ணன் மைக்கைக் கொண்டு வந்து வாயில் பிடித்து, சாட்சி சொல்லு தங்கச்சி என்றார். அவள் சொன்னாள். என் வலிய மாதா வாங்கிக்கிட்டா. மூன்றே வார்த்தை, நாலோ, எல்லோரும் அழுதார்கள். ஊருக்கு வந்த பிறகு முழங்கால் வலிக்காரிகள் வந்து என் காலைத் தொட்டு ஜெபியுங்கக்கா என்று கேட்டார்கள், தொட்டு ஜெபித்தாள். வாங்கிக்கிட்டா. யார் வாங்கிக்கிட்டது. வலியைத்தானே கொடுக்கிறேன் என்று நேர்ந்தது, வலியே இல்லாமல் நடந்த நடை நேர்ச்சையில் சேருமா, சேராதென்றால் ஆறு வருஷம் என்பது ஆறுதானா, நாலா. நாலென்றால் கடலில் இருக்கிறவன். வலை மாட்டினது. விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் முட்டுப் போட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஜெசிந்தா வாசல்படியிலேயே நின்று, "எம்மா, பீட்ரூட் ஏதும் அரைச்சியா?" என்று கேட்டாள். இல்லையே மக்கா. அடுப்படியிலிருந்து சுரூபம் வைத்த மூலை வரை வெள்ளை டைல்ஸில் வலது கால் மட்டும் சிவப்பாக, அடி அடியாக, கோலம் மாதிரி வந்திருந்தது. காலையில் உடைந்த கண்ணாடிக் கிளாஸ், கூட்டி அள்ளிவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தாள். ஜெசிந்தா காலைப் பிடித்துக் கண்ணாடித் துண்டை எடுத்தாள், கையெல்லாம் ரத்தத்தோடு அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் ஏதாவது வருமா என்று. அமலோற்பவத்துக்கு அப்போது ஜெபமாலையில் எத்தனாவது மணியில் விட்டோம் என்கிறதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

பதினொன்று என்று கூப்பிட்டார்கள். டாக்டர் பிறகு பார்ப்பார், முதலில் சிஸ்டர் என்றார்கள். சண்முகக்கனி என்று சட்டையில் பேர் குத்தியிருந்த நர்ஸ், நாற்பது வயசிருக்கும், உட்காருங்கம்மா, காலை நீட்டுங்க என்று ஒரு உயரக் கட்டிலில் ஏற்றி, தான் சக்கரம் வைத்த ஒரு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்காரும்போது அது கிறீச் என்றது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டைப் பிரித்துப் பார்த்து, ஆறுது என்றாள். பிறகு பேனா மாதிரி ஒன்றை எடுத்தாள், நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு துண்டு. "பயப்படாதீங்க, குத்தாது" என்று முதலில் முன்னங்கையில் தொட்டுக் காட்டினாள். எறும்பு நின்று யோசித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. "இப்படித்தான் இருக்கும். கண்ணை மூடிக்கிடுங்க. காலுல தொட்டதும் ம் சொல்லணும்." கண்ணை மூடினாள். ஜெசிந்தா சுவரோரம் நிற்கிற துணி வாசனை வந்தது. எறும்புக்காகக் காத்திருந்தாள். ஸ்டூல் கிறீச் என்றது. குனிகிறாள் என்றால் தொடுகிறாள் என்றுதானே அர்த்தம். ம். கொஞ்ச நேரம். கிறீச். ம். இது பொய்யா, சத்தம் கேட்டது நிஜம்தானே, கேட்டதைத்தானே சொல்கிறோம், பத்தொன்பது நாள், மாதாவே, ஆறு வாங்கிக் கொடு, பத்துக்கு ஆறு போதும். கிறீச். ம். ஒரே அளவில் வந்தது, மிக்கேல் அண்ணன் மாதாவின் பேரை ஒவ்வொன்றாக மைக்கில் சொல்லுவார், பேர் முடிகிற இடத்தில் பின்னால் வருகிற இருநூறு பேரும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்பார்கள், பேரைக் காதில் வாங்கவே வேண்டாம், தூரத்தில் மைக் கேட்காவிட்டால்கூட வாய் சரியான இடத்தில் சொல்லிவிடும், தூக்கத்தில் நடந்துகொண்டே சொல்லுவாள். ம். ரோட்டோரத்துக் கருவேலமரமெல்லாம் வெயிலில் கோழிப் பஞ்சாரம் கவிழ்த்த மாதிரி நிற்கிறது, முன்னால் போகிறவளின் காவிச் சேலை ஓரம் மண்ணில் இழுபடுகிறது, ம், கானல் தண்ணீர் மாதிரி ஓடுகிறது ரோட்டில், அதில் ஒரு தோணி, ம், யாரோ பானக்கம் ஊற்றுகிறார்கள், வேண்டாம் எனக்குச் சர்க்கரை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, குடித்துவிடுகிறாள், ம், கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறாள், நடக்கிறது, யாருடைய காலோ நடக்கிற மாதிரி நடக்கிறது, வேண்டிக்கொள்ளும், ம், வேண்டிக்கொள்ளும், ம்.

"அம்மா" என்று கேட்டது. "அம்மா, கண்ணைத் திறங்க." திறந்தாள். சண்முகக்கனி இரண்டு கையையும் தன் மடியில் வைத்திருந்தாள். அந்தப் பேனா ஓரத்துத் தட்டில் கிடந்தது. "நான் நூலைக் கீழ வச்சு எவ்வளவோ நேரமாச்சும்மா." கோபமில்லை அந்தக் குரலில், அதுதான் கஷ்டமாக இருந்தது. ஜெசிந்தா, "பத்துல எத்தன சிஸ்டர்?" என்றாள். சண்முகக்கனி அவளைப் பார்க்காமல் இவளையே பார்த்துக்கொண்டு, "நான் அஞ்சு இடம்தான் தொட்டேன். சும்மா ஸ்டூலை ஆட்டுனாலும் ம் வருதேன்னு நிறுத்திட்டேன். அதுக்கப்புறமும் அம்மா ஒரு எட்டு, ஒம்பது தடவை சொல்லிட்டாங்க" என்றாள். வெட்கமோ பயமோ ஏதோ ஒன்று வரும் என்று அமலோற்பவம் காத்திருந்தாள், தன் வாய்தான் முதலில் வந்தது. "ரெண்டு வருஷமா தெரியல சிஸ்டர். தரையே தெரியல. பஞ்சு மேல நடக்குத மாதிரி இருக்கும், அப்புறம் அதுவும் இல்ல." ஜெசிந்தா பக்கத்தில் வந்துவிட்டாள். "அப்ப அந்த முள்ளு?" "தெரியல மக்கா." "மைக்ல சொன்னியேம்மா நீ. ஊரு பூரா அழுதுச்சே." "தெரியாமத்தான் சொன்னேன்." ஜெசிந்தா அம்மா காலின் மேல் கையை வைத்தாள், வைத்தது கண்ணுக்குத் தெரிந்தது. "ஒரு மூணு நாளு மட்டும் சிஸ்டர்" என்றாள் அமலோற்பவம், "ஏழாவது வருசம் பாத்துக்கிடுங்க. கடலுக்குப் போன பிள்ளைக்கு நேந்தது. இதோட முடிஞ்சிரும்." சண்முகக்கனி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினாள். "எங்கப்பா திருச்செந்தூருக்கு வருசா வருசம் நடப்பாரும்மா. சுகர் வந்தும் நடந்தாரு, நான் நர்ஸு, எம் பேச்சையே கேக்கல. ரெண்டு விரலு போச்சு. அதுக்காக முருகன் மேல குத்தம் சொல்ல முடியுமா? செருப்புப் போடாதன்னு அவரா சொன்னாரு?" சொல்லிவிட்டு மறுபடி எழுதினாள். வீட்டுக்குள்ளேயும் செருப்பு. ராத்திரி படுக்கும்போது உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கணும், கண் தெரியலன்னா மகளைப் பாக்கச் சொல்லுங்க. வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலில் ஊற்றணும். கையால்தான், என்ன. இனிமேல் இதுக்கு மேல கெடாமப் பாத்துக்கிடலாம், போனது வருமாங்கிறது டாக்டர் சொல்லுவாரு. அமலோற்பவம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நடை இல்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வெளியே வந்து பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். டாக்டருக்கு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், ஜெசிந்தா எதிர் ஜன்னலில் மெத்துச் செருப்புக்கு அளவு சொல்லப் போயிருந்தாள், அம்மா பாதத்தை ஒரு காகிதத்தில் வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். சுவரில் அந்தப் படம் அப்படியே இருந்தது. இன்னாசி எந்தத் தண்ணீரில் இருக்கிறானோ. ஆறா, நாலா. மாதா விரல் மடக்குகிறவளா என்று முதல் தடவையாக நினைத்தாள், நினைத்ததே தப்போ என்று பயந்தாள், பயமும் தூரத்தில் யாருடைய வீட்டிலோ நடக்கிற மாதிரி இருந்தது. குருசடியில் காலைக் கழுவின அந்தப் பெண்பிள்ளையின் கை ஞாபகம் வந்தது. பேர்கூடக் கேட்கவில்லை. இவளுக்குத் தெரியாததை அந்தக் கை கண்டுபிடித்து நின்றது, திரும்ப வந்து அதே இடத்தைத் தடவியது. பஸ்ஸில் போய் அங்கே குடத்தோடு உட்கார்ந்தால் இருநூறு பேர் வருவார்கள். நானூறு கால். ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்து. அது ஏழாவது வருஷமாகச் சேருமா என்று கேட்டுச் சொல்ல ஒருவரும் இல்லை, மிக்கேல் அண்ணனிடம் கேட்க வேண்டும், கேட்கிறதுக்கு முந்தி அவரிடம் அந்த மைக்கை ஒரு தடவை திரும்ப வாங்க வேண்டும், வாங்கி என்ன சொல்வது, அந்தப் பேச்சை நான் பேசியிருக்கக் கூடாது என்றா. முகத்தைத் துடைக்கணும் போல இருந்தது, முகம் நனைந்திருக்கவில்லை. ஆனாலும் கைக்குட்டைக்காகப் பையைத் திறந்து, பார்க்காமலே உள்ளே துழாவினாள், புஸ்தகம் வாயைத் திறந்து கிடந்திருக்கும் போல, ஆள்காட்டி விரல் நுனியில் சுருக்கென்றது.

"ம்" என்றாள், அந்த இடம் பூராவும் கேட்கிற மாதிரி.

"என்னம்மா?" என்று ஜன்னலிலிருந்து ஜெசிந்தா திரும்பினாள்.